நேராத நேர்த்திக்கடன்

தம்பி, பஸ்ஸில் நின்றுகொண்டு இதைப் படிக்காதே. ஓசூரில் உன் அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. நீளமாகத்தான் இருக்கும். ஒரு ரேஸ் முடிந்தாலே இணையத்தில் இருக்கிற என் பக்கத்தில் முழம் முழமாக எழுதித் தள்ளுகிறவள் நான். பெற்ற பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தால் சும்மா நிற்குமா? இதையும் அந்தப் பக்கத்தில்தான் போடப்போகிறேன். ஆனால் முதலில் உனக்கு. நீ படித்துவிட்டுப் போடும்மா என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. பிள்ளையையும் ஓடுகிற ஷூவையும் ஒரே பையில் அடைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அம்மாக்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பட்டது அவர்களுக்காவது உதவட்டும். வேண்டாம் என்று நீ சொன்னால் இது நம் இருவரோடு இருக்கும்.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கடையில் வைத்துத்தான் கேட்டேன். யாரோ ஒரு வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், மாலை மாற்றுகிற படத்துக்குள் தலையை நீட்டியிருந்த ஒரு மாமாவைக் கணினியில் அழித்துக்கொண்டிருந்தேன். "ம்மா, வெள்ளிப் பாதம் செய்யச் சொல்லிட்டேன்மா. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் பழனி. மலையில செலுத்திட்டு அப்படியே கொடைக்கானல். நீ, அப்பா, நாங்க ரெண்டு பேரு. இந்தத் தடவ ஷூ எடுத்துட்டு வராத. எனக்குத்தான் நெஞ்சு இழுப்பு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு! உன் நேர்த்தி முடிஞ்சிருச்சும்மா. எனக்காக ஓடுனது போதும், இனிமே ஒக்காரு." உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பக்கத்தில் வேலை செய்கிற பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, அழுகுறீக? மகன் கல்யாண சந்தோஷமா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு நேர்த்தி கிடையாது தம்பி. உன் நெஞ்சு இழுப்பு நிற்க வேண்டும், அதற்காக ஓடுகிறேன் என்று நான் பழனி முருகனிடம் நேர்ந்துகொள்ளவே இல்லை. நான் ஓடியதெல்லாம் எனக்காக. எனக்குப் பிடித்திருந்தது, ஓடினேன். அந்த வெள்ளிப் பாதத்தை நீ உண்டியலில் போடுவதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். போட்டுவிட்டால், இல்லாத ஒரு கடனைத் தீர்த்த நிம்மதியோடு நீ மலை இறங்குவாய். அந்த நிம்மதியைக் கொடுத்தது என் பொய்யாக இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேர்த்தி முடிந்தவள் இனி எதற்கு ஓடுகிறாள் என்று ஊர் கேட்கும். எனக்கு இன்னும் ஓட வேண்டும் தம்பி. இந்த ஆசையை மறைத்து எழுதினால் இந்தக் கடிதமும் பாதிப் பொய்யாகிவிடும்.

எப்படி ஆரம்பித்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உனக்குத்தான் காரணம் தெரியுமே! நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தாய். பத்தொன்பது வயதில் கல்யாணம், அடுத்த வருஷம் நீ. முப்பதைத் தொட்டபோது மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். கடையில் ஆல்பம் வேலை ஓடாத ஒரு மத்தியானம், கணினியில் ஏதோ தேடப் போய் ஒரு வீடியோ வந்து விழுந்தது. எங்கோ தூர தேசம், கொட்டுகிற மழை. ஓட்டப் பந்தயம் முடிந்து கூட்டமே கலைந்துவிட்டது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது என்னைப் போலவே தடித்த ஒரு பெண், கடைசி ஆளாக, தனியாக ஓடி வருகிறாள். அழுகிறாள், சிரிக்கிறாள், கையை மேலே தூக்குகிறாள். பந்தல் பிரிக்கிறவர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள். அய்யோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதலாளி வந்து "என்னம்மா, சொந்தக்காரவுகளா?" என்று கேட்கிற அளவுக்குப் பார்த்தேன்.

மறுநாள் விடிகாலை உன் அப்பாவின் கேன்வாஸ் ஷூவுக்குள் துணியை அடைத்து மாட்டிக்கொண்டு மானகிரி ரோட்டில் இறங்கினேன். சுடிதார், தலையில் துண்டு. கொஞ்ச தூரம் ஓடுவது, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது, மறுபடியும் ஓடுவது. ஒரு லாரிக்காரர் வண்டியை மெதுவாக்கித் தலையை நீட்டினார். "ஏத்தா, பஸ்ஸ விட்டுட்டியா? எங்குட்டுப் போகணும், ஏறு, எறக்கி விடுறேன்." எங்கேயும் போகவில்லை அண்ணே என்றேன். அவர் நம்பவில்லை. கொஞ்ச தூரம் கூடவே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தனியாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு உனக்காக வந்ததில்லை, அப்பாவுக்காக வந்ததில்லை. அது முழுக்க என்னுடையது. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கே எனக்கென்று கிடைத்த முதல் சாமான் அது. மூச்சை எப்படி விடுவது, பாதத்தை எப்படி வைப்பது, எப்போது உப்புத் தண்ணீர் குடிப்பது, எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான். வாத்தியார் யாரும் இல்லை.

அதை வீட்டில் வைத்துக்கொள்ள வழி தெரியாமல்தான் பொய் சொன்னேன். கோயம்புத்தூரில் ஒரு அரை மாரத்தான், இருபத்தோரு கிலோமீட்டர். பேர் கொடுத்துவிட்டேன். விஷயம் எப்படியோ அமராவதிபுதூருக்குப் போய், உன் அத்தை அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். உன் அப்பாவை வளர்த்த அக்கா. அவர் சொல்லுக்கு நம் வீட்டில் மறுசொல் கிடையாது. நீ நெஞ்சில் தைலம் தடவிக்கொண்டு பாயில் படுத்திருந்தாய்.

"என்னத்தா, கோயம்புத்தூருக்கு எதுக்காம்?"

"ஒரு ஓட்டப் பந்தயம் மதினி. பொம்பளையாளுகளும் நெறையா ஓடுவாக."

"நாய் வெரட்டுதா, போலீஸு வெரட்டுதா? புள்ளைக்கு நெஞ்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு, இவ ஊரு விட்டு ஊரு போயி ஓடப் போறாளாம். ஏண்டா, நீ ஒன்னும் கேக்குறதில்லையா?"

உன் அப்பா பேப்பரை இறக்காமலேயே, "கேட்டேன்க்கா. நிக்க மாட்டேங்குறா, ஓடிக்கிட்டே இருக்கா" என்றார். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது என் வாயில் வந்ததுதான் அது. "இவனுக்காகத்தான் மதினி. இவன் இழுப்பு நிக்கணும்னு பழனிக்கு நேந்திருக்கேன்."

"பழனிக்கு நடந்து வாரேன்னு நேருவாக, காவடி எடுக்குறேன்னு நேருவாக. கோயம்புத்தூருல ஓடுறேன்னு எவளாச்சும் நேருவாளா?"

"மயில்ல ஒலகத்தையே சுத்துன சாமி மதினி. அவருக்கு வேகந்தான் புடிக்கும்."

நேர்த்தி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் நம் பக்கத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். மாமியார் கொடுமைக்காரியாக இருந்தாலும், முதலாளி கஞ்சனாக இருந்தாலும், நேர்த்தி என்றால் வழி விட்டுவிடுவார்கள். அத்தையும் விட்டார். எழுந்து போய் விபூதித் தட்டை எடுத்து வந்து என் நெற்றியில் பூசினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ பாயில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்ததாக அப்பா பிறகு சொன்னார். நான் உன் பக்கம் திரும்பவே இல்லை. கோயம்புத்தூரில் எந்த லாட்ஜில் தங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நம் வீட்டில் லீவு என்றால் ரேஸ், ரேஸ் என்றால் லீவு. தனியாகப் போய் ஓடிவிட்டு வருகிறேன் என்று சொல்லத் துணிச்சல் கிடையாது. குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறோம், அப்படியே நேர்த்தியும் ஓடிவிட்டு வருகிறோம் என்றால் ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. எந்த ஊரில் ஓட்டமோ அந்த ஊர் எனக்கு வழியில் வந்துவிடும். திருச்செந்தூர் போகிற குடும்பத்தைக் கோயம்புத்தூர் வழியாகக் கூட்டிப்போனவள் நான். "வழியிலதான் இருக்கு" என்பேன். உன் அப்பா காரைத் திருப்பிக்கொண்டே சொல்வார்: "ஒலகத்தச் சுத்துனவரு பழனி மலையில தனியா நிக்கிறாரு. அப்பா அம்மாவச் சுத்துனவரு பிள்ளையார்பட்டியில கொழுக்கட்டையோட ஒக்காந்திருக்காரு. எது நல்லதுன்னு யோசிச்சுக்க." நீ பின் சீட்டில் விழுந்து விழுந்து சிரிப்பாய். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, அடுத்த ரேஸுக்குப் பேர் கொடுப்பேன்.

போகிற ஊரில் என்ன பார்த்தோம்? முதல் நாள் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் வரிசையில் நின்று, சட்டையில் குத்துகிற எண் சீட்டு வாங்குவோம். மறுநாள் விடியும் முன்னால் நான் போய்விடுவேன். திரும்பி வந்தால் லாட்ஜ் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிடுவேன். "சத்தம் போடாத, அம்மாவுக்குக் கால் வலிக்கும்" என்று அப்பா உன்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போவார். எத்தனை ஊர் வராந்தாக்களை நீ பார்த்திருப்பாய்! போன வாரம் உன் கல்யாணத்துக்குக் காட்டலாமே என்று உன் சின்ன வயதுப் படங்களை வைத்து ஒரு ஆல்பம் செய்ய உட்கார்ந்தேன். ஊர் பிள்ளைகளுக்கெல்லாம் ஆல்பம் செய்கிறவளுக்கு இது என்ன பெரிய வேலை? ஒரு பக்கம்கூட அமையவில்லை தம்பி. எல்லாப் படத்திலும் நடுவில் நான், கழுத்தில் பதக்கம், பின்னால் பந்தய வளைவு. நீ ஓரத்தில், என் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். படத்தை வெட்டி உன்னை நடுவில் கொண்டுவரலாம் என்று முயன்றேன். வெட்டினால் உன் தோளில் என் கை மட்டும் தனியாக நிற்கிறது.

சென்னை ஞாபகம் இருக்கிறதா? நீ ஏழாவது. கோளரங்கம் பார்க்க வேண்டும் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஓடி முடித்த கையோடு, உன் ஆசையையும் நிறைவேற்றிவிடுகிறேன் பார் என்று பெருமையாகக் கூட்டிப்போனேன். நாற்காலி சாய்ந்தது, விளக்கு அணைந்தது, மேலே நட்சத்திரம் வந்தது, நான் தூங்கிவிட்டேன். குறட்டை வேறு. "ம்மா, சனி வந்துருச்சு, வளையம் பாரும்மா" என்று நீ முழங்கையால் இடித்தது அரைகுறையாகக் காதில் விழுந்தது. அதிலும், சனி நமக்கு எப்போது விலகும் என்று ஏதோ உளறினேனாம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், "என்னப்பா பாத்த, அம்மாவுக்குச் சொல்லு" என்றேன். நீ சொல்ல ஆரம்பித்தாய். நான் மறுபடியும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது முன்னால் எக்கிக்கொண்டு ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். "அப்பறம் தம்பி? அப்பறம் அது சூரியன எப்படிச் சுத்தும்?" என்று அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கும் எனக்குச் சனிக்கு எத்தனை வளையம் என்று தெரியாது. அந்த ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

அதெல்லாம் சின்ன விஷயம் என்று நீ சொல்வாய். நீ அப்படித்தான் சொல்வாய். அதனால்தான் கொடைக்கானலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நீ அந்த மலைக்குத்தான் எங்களை மறுபடியும் கூப்பிடுகிறாய்.

குளிர் உனக்கு ஆகாது என்று தெரிந்தே கூட்டிப்போனேன். மலையில் ஓடுகிற ரேஸ் அது; ஏரிக்கரையில் ஆரம்பித்து ஏறி இறங்கி வர வேண்டும். விடியும் முன்னால் நீ தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டேன். இடுப்பில் கட்டுகிற சின்னப் பையை முந்தின சாயந்தரமே தயார் செய்து வைத்திருந்தேன். உப்புப் பொட்டலம், கடலை மிட்டாய், கைக்குட்டை. அதைக் கட்டிக்கொண்டு உன்னோடு கடைக்குப் போய் வரும்போது கையில் இருந்த உன் இன்ஹேலரையும், வழியில் வைக்க இடம் இல்லாமல், அதற்குள் போட்டிருந்தேன். எடுத்து மேசையில் வைக்க மறந்துவிட்டேன். உன் மூச்சை என் இடுப்பில் கட்டிக்கொண்டு மலை முழுக்க ஓடியிருக்கிறேன் தம்பி. பையில் ஏதோ லொடலொடவென்று இடித்துக்கொண்டே வந்தது. இதென்ன தொந்தரவு என்று நினைத்தேனே தவிர, கையை விட்டுப் பார்க்கவில்லை. ஓடும்போது நிற்கக் கூடாது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

அறையில் நடந்ததை உன் அப்பா பிறகு எனக்குச் சொன்னார். நீ கட்டில் ஓரத்தில் தோளைத் தூக்கி, முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாய். இன்ஹேலர் எங்கே என்று அவர் பெட்டியெல்லாம் கொட்டித் தேடினார். என்னிடம்தான் இருக்கும் என்று புரிந்ததும், ஓடுகிற ரோட்டுக்கே போய் என்னைப் பிடித்து வருகிறேன் என்று எழுந்தார். நீ அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய்.

"வேணாம்ப்பா. அம்மா வந்துரும்."

"எப்படா வரும்? நீ இழுக்குற இழுப்புக்கு?"

"நேர்த்தி பாதியில நின்னா ஆகாதுப்பா. எனக்குத்தான ஆகாது. அது முடிச்சிட்டே வரட்டும்."

வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிச் சொன்னாயாம். அப்படி ஒரு நேர்த்தியே இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அந்த நேரத்தில் உன்னிடம் என்ன சொல்வார்? "நேர்த்தியாவது மண்ணாவது, வா" என்று போர்வையோடு உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி தேடி ஓடியிருக்கிறார். அந்த மலையில் அன்றைக்கு நம் வீட்டில் உண்மையாக ஓடியவர் அவர்தான். அவருக்கு யாரும் பதக்கம் போடவில்லை.

நான் முடித்தேன். நான் கணக்குப் போட்டதைவிடச் சீக்கிரமாகவே முடித்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் இல்லை என்றதும் எனக்குக் கோபம் வந்தது. பயம் வரவில்லை, கோபம். படம் எடுக்கக்கூட ஆள் இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே லாட்ஜுக்கு வந்தேன். லாட்ஜ் பையன் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உன் முகத்தில் புகை விடுகிற மாஸ்க் மாட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அதை விலக்கிக்கொண்டு நீ கேட்டாய்: "முடிச்சிட்டியாம்மா?" முடித்துவிட்டேன் என்றேன். நீ கண்ணை மூடிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பெருமையாக இருந்தது. அந்த நொடிக்காகத்தான் இத்தனை வருஷமாக என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னைக்குச் சொல்லிரு அவன்கிட்ட" என்றார் அப்பா, வெளியே வராந்தாவில் நின்று. "புள்ள நெசம்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்." இப்போது வேண்டாம், உடம்பு தேறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றேன். பிறகு என்கிற நாள் வரவே இல்லை. ஏனென்றால் உனக்கு மீசை அரும்பிய வயதில் இழுப்பு தானாக நின்றது. வளர வளரச் சில பிள்ளைகளுக்கு நின்றுவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் ஊர் டாக்டரையா கேட்கும்? "ஓட்ட நேர்த்தி பலிச்சிருச்சு" என்று தெருவே பேசியது. "பொய் சொன்னவளுக்குச் சாமியே சாட்சிக்கு வந்துட்டாருடி. இனி எங்குட்டுப் போயி உண்மையச் சொல்லுவ?" என்றார் உன் அப்பா. நீயோ அன்றிலிருந்து என் எதிரில் ஒரு ஆசையைக்கூடச் சொல்வதை நிறுத்திவிட்டாய். கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கேட்கவில்லை. லீவில் எங்கே போகலாம் என்றால், "உனக்கு எங்க ஓட்டம் இருக்கோ அங்க போவோம்மா" என்பாய். தங்கமான பிள்ளை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அது தங்கம் இல்லை, கடன்பட்டவனின் அடக்கம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

நேற்றுக் காலை பஸ் ஏறி அமராவதிபுதூர் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால், யாரிடம் அந்தப் பொய்யை முதலில் சொன்னேனோ அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அத்தை உன் கல்யாணத்துக்கு மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே ஒப்பித்துவிட்டேன். நேர்த்தி ஒன்றும் இல்லை மதினி, எனக்கு ஓடப் பிடிக்கும், அதனால் ஓடினேன் என்று. அவர் நிமிரவே இல்லை. மிளகாயைப் பரப்பிக்கொண்டே சொன்னார்:

"இதச் சொல்லவா பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்து வந்த? எனக்கு அன்னைக்கே தெரியும். நேர்த்திக்குப் போறவ மஞ்சத் துணியில காசு முடிவா. நீ புதுசு புதுசா வாட்சு கட்டிக்கிட்டுல்ல போன."

"தெரிஞ்சும் ஏன் மதினி கேக்காம விட்டீக?"

"கேட்டா நெசத்தச் சொல்லுவ. நெசத்தச் சொன்னா நான் போகாதன்னு சொல்லணும். நானும் வாக்கப்பட்டு வந்தவதான. போயித் தொலையட்டும்னு விட்டேன்." ஒரு கை மிளகாயை அள்ளிப் போட்டுக்கொண்டே, "புள்ளைக்குத் தெரியுமுல்ல?" என்றார்.

தெரியாது என்றேன். அவர் கை நின்றது. "அடிப்பாவி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் என்னைத் திட்டிய எத்தனையோ திட்டில் இதுதான் எனக்கு வலித்தது.

அப்பாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் அது ஒரு வசதியான பொய். அதை நிஜமென்று நம்பி, அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வீட்டிலேயே சின்னவன், நீ ஒருத்தன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு ஒன்றாவது சொல்லாமல் ஒரு அம்மாவால் கடிதத்தை முடிக்க முடியாது. உனக்கு ஒன்று வேண்டும் என்றால், எனக்கு வேண்டும் என்று கேள். அவளுக்காக, பிள்ளைக்காக, சாமிக்காக என்று அடுத்தவர் பேரில் எழுதாதே. ஆசையைச் சொன்னால் சண்டை வரும், வரட்டும். ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போகும், அவ்வளவுதான். அடுத்தவர் தலையில் வைத்து நிறைவேற்றிக்கொண்ட ஆசைக்கு அவர்கள் காலம் பூராவும் வட்டி கட்டுவார்கள், கட்டுகிறோம் என்றே தெரியாமல். அன்றைக்கு உன் அத்தையிடம், எனக்கு ஓடப் பிடிச்சிருக்கு மதினி என்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருந்தால், ஒருவேளை அந்தக் கோயம்புத்தூர் ஓட்டம் போயிருக்கும். உனக்குக் கோளரங்கத்தில் விழித்திருக்கிற அம்மா கிடைத்திருப்பாள். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது தம்பி. இரண்டையும் ஒரே காரில் ஏற்றியதுதான் தப்பு.

வெள்ளிப் பாதத்தை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். உன் மூச்சுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் தாராளமாகச் செலுத்து, உன் பேரில். என் காலுக்காக வேண்டாம். ஆவணிக்குப் பிறகு திருச்சியில் ஒரு ஓட்டம் இருக்கிறது. நான் மட்டும் பஸ்ஸில் போய், ஓடிவிட்டு, பஸ்ஸில் வரப்போகிறேன். அப்பாவிடம் சொன்னேன். "தொணைக்கு வரவா?" என்றார். வேண்டாம் என்றேன். "அப்பாடா" என்று காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். கொடைக்கானலுக்கு, இதையெல்லாம் படித்த பிறகும் நீ கூப்பிட்டால், வருவேன். செருப்புப் போட்டுக்கொண்டு வருவேன். நீ எதைக் காட்டுகிறாயோ அதைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு நேரம் நிற்கச் சொல்கிறாயோ அவ்வளவு நேரம் நிற்பேன். கூப்பிடாவிட்டால் நீங்கள் இருவரும் போய் வாருங்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். பொய், நினைப்பேன். ஆனால் கேட்க மாட்டேன்.

இழுப்பு நின்றுவிட்டது என்கிறாய். அந்த மலைக் குளிரில் திரும்பி வந்தாலும் வரலாம். நீ கட்டிக்கொள்ளப் போகிற ஒக்கூர்ப் பெண் பக்கத்தில் இருப்பாள். அவளுக்கும் ஏதாவது ஒரு ஓட்டம் இருக்கும். வேலையோ, படிப்போ, என்னைப் போல ஏதாவது ஒரு கிறுக்கோ. மூச்சு முட்டினால் அவளைக் கூப்பிடு. அவள் எதன் நடுவில் இருந்தாலும் கூப்பிடு. முடித்துவிட்டு வரட்டும் என்று கட்டில் ஓரத்தில் காத்துக்கொண்டு உட்காராதே. அன்றைக்கு நீ கூப்பிட்டிருந்தால் நான் நின்றிருப்பேன் தம்பி. நின்றிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். அதை உனக்குக் காட்ட எனக்கு ஒரு சந்தர்ப்பம்கூட நீ தரவில்லை. தர முடியாதபடி உன் வாயை அடைத்து வைத்திருந்தவள் நான்.

படித்து முடித்ததும் போன் செய். திட்டுவதாக இருந்தாலும் செய். ரிங் போகும்போது நான் மானகிரி ரோட்டில் இருந்தாலும் நின்று எடுப்பேன்.